ஆட்டின் கண்கள் காப்பாற்றிய அரசர்

கவிஞர்களைப் போற்றிய கிருஷ்ணதேவராயரின் வாழ்க்கை

பொழுது புலர்கிறது. பழவேற்காடு ஏரியில் படகுகள் கரை சேருகின்றன. இறாலும், நண்டும், மடவை மீனும் கூடை கூடையாக இறங்குகின்றன. கரையில் ஏலம் தொடங்கிவிட்டது. தூரத்தில், ஆழமில்லாத தண்ணீரில், பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கின்றன.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பொன்னேரியைத் தாண்டிப் போனால் இந்த ஊர் வரும். இன்று இது மீனவர்களின் ஊர். ஆனால் 500 ஆண்டுகளுக்கு முன்னால் இது ஒரு பேரரசின் துறைமுகம். பர்மாவில் உள்ள பெகு நாட்டின் சிவப்புக் கற்கள் இங்கே வந்து இறங்கின. இங்கிருந்து சித்திரத் துணிகள் கப்பலேறி மலாக்காவுக்குப் போயின. அக்காலத்தில் இந்த இடத்துக்குப் பிரளய காவேரி என்ற பெயரும் வழங்கியது.

அந்தப் பேரரசின் தலைநகரம் வெகு தொலைவில் இருந்தது. மேற்கே, துங்கபத்திரை நதிக்கரையில் இருந்தது. அதன் பெயர் விஜயநகரம். அங்கே சிம்மாசனத்தில் வீற்றிருந்தவர் கிருஷ்ணதேவராயர்.

ராயர் என்றதும் நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தெனாலிராமன் நினைவு வரும். பாட்டிமார்களுக்கு அப்பாஜி கதைகள் நினைவு வரும். கதையில் வரும் ராயர் சிரிப்பார். கோபிப்பார். கடைசியில் பரிசு கொடுப்பார். வரலாற்றில் வாழ்ந்த ராயர் அதைவிடப் பெரியவர். அவருடைய வாழ்க்கையில் சிரிப்பும் உண்டு, கண்ணீரும் உண்டு. கல்லில் சித்திரம் செதுக்க வைத்த அதே கை, ஒரு கிழவரின் கண்களைப் பறிக்கவும் உத்தரவிட்டது. அந்தக் கிழவர் யார்? அதைத் தெரிந்துகொள்ள, கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

மரணப் படுக்கையில் ஓர் உத்தரவு

கிருஷ்ணதேவராயரின் தகப்பனார் துளுவ நரச நாயக்கர். தாயார் நாகலாம்பாள். தகப்பனாருக்குப் பின் மூத்த தாரத்து மகன் வீரநரசிம்மர் அரசரானார். 1505 முதல் 1509 வரை அவர் ஆண்டார். பிறகு நோயில் விழுந்தார்.

அப்போது நடந்ததாக ஒரு சம்பவத்தைப் போர்த்துகீசியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் பெர்னாவோ நூனிஸ். குதிரை வியாபாரி. ராயர் காலமான சில ஆண்டுகளுக்குப் பிறகு விஜயநகரத்தில் தங்கியிருந்தவர். கல்வெட்டுகளில் இந்தச் செய்தி இல்லை. சரித்திர ஆசிரியர்கள் சிலர் இதை நம்புவதும் இல்லை. ஆனாலும் மக்கள் மறக்காத கதை இது.

வீரநரசிம்மருக்கு எட்டு வயதில் ஒரு மகன் இருந்தான். தமக்குப் பின் அவனே அரசனாக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். குறுக்கே நின்றவர் தம்பி கிருஷ்ணதேவர். அப்போது அவருக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும். குருடர் ஒருவர் அரசராக முடியாது அல்லவா? எனவே மந்திரி சாளுவ திம்மரசரை அரசர் அழைத்தார். தம்பியின் கண்களைப் பிடுங்கிக் கொண்டுவந்து தம்மிடம் காட்டும்படி உத்தரவிட்டார்.

திம்மரசர் இளவரசரைத் தனியாக ஒரு குதிரை லாயத்துக்கு அழைத்துச் சென்றார். விஷயத்தைச் சொன்னார். இளவரசர் திகைத்துப் போனார். தமக்கு ராஜ்யமே வேண்டாம், யோகியைப் போல எங்காவது போய்விடுகிறேன் என்று சொன்னாராம்.

திம்மரசர் அவரை உற்றுப் பார்த்தார். நாடாளத் தகுந்தவர் இவரே என்று தீர்மானித்தார். ஓர் ஆட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதன் கண்களை எடுத்தார். அவற்றைக் கொண்டுபோய் அரசரிடம் காட்டினார். அரசர் நம்பினார். கண்ணை மூடினார்.

இப்படித்தான் ஓர் ஆட்டின் கண்கள் கிருஷ்ணதேவராயரின் கண்களைக் காப்பாற்றின. 1509-ஆம் ஆண்டு அவர் பட்டத்துக்கு வந்தார். திம்மரசரை அவர் தகப்பனாராகவே நினைத்தார். அப்பாஜி என்று அழைத்தார் என்பது வழிவழிச் செய்தி. நம் வீடுகளில் சொல்லும் கதைகளில் வரும் அப்பாஜி இந்தத் திம்மரசர்தான்.

புது அரசர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அண்ணன் மகனையும் தம் சகோதரர்களையும் சந்திரகிரிக் கோட்டைக்கு அனுப்பியது. அங்கே அவர்கள் காவலில் இருந்தார்கள். ஆசையால் வரும் ஆபத்தை அவர் நேரில் பார்த்தவர் அல்லவா?

விடியுமுன் நல்லெண்ணெய்

ராயர் எப்படி இருந்தார்? 1520-ஆம் ஆண்டையொட்டி அவரை நேரில் பார்த்த மற்றொரு போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ். அவர் எழுதியிருக்கிறார்.

ராயர் நடுத்தர உயரம். நல்ல நிறம். சற்றே பருத்த உடல். முகத்தில் அம்மைத் தழும்புகள். பார்த்தால் பயம் வரும். பேசினால் பிரியம் வரும். திடீரென்று கோபம் வருவதும் உண்டு.

பொழுது விடியுமுன் எழுந்திருப்பார். ஒரு பெரிய குவளை நல்லெண்ணெய் குடிப்பார். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொள்வார். கனமான எடைகளைத் தூக்குவார். வாள் சுழற்றுவார். குடித்த எண்ணெய் அத்தனையும் வியர்வையாக வெளியேறும் வரை விடமாட்டார். பிறகு மல்லரோடு மல்யுத்தம். அதன் பிறகு குதிரையேறிச் சமவெளியில் அங்கும் இங்கும் பாய்வார். இவ்வளவும் விடிவதற்குள் முடிந்துவிடும். பிறகுதான் குளியலும், பூஜையும், ராஜாங்க வேலையும்.

இப்படிப்பட்டவர் போரில் தோற்பாரா?

போரும் பொன்னும்

முதலில் உம்மத்தூர்த் தலைவரை அடக்கினார். பிறகு கிழக்கே திரும்பினார். அங்கே ஒரிசாவின் கஜபதி அரசர் பிரதாபருத்திரர் பல கோட்டைகளைப் பிடித்து வைத்திருந்தார். அவற்றில் ஒன்று நெல்லூர்ப் பக்கத்தில் உள்ள உதயகிரி. மலைமேல் கோட்டை. ராயரின் சேனை நீண்ட காலம் முற்றுகையிட்டது. 1514-ல் கோட்டை விழுந்தது. அடுத்த ஆண்டு கொண்டவீடு விழுந்தது. அதன் பிறகு ராயரின் படை கலிங்கத்துக்குள் சென்றது. கடைசியில் சமாதானம் ஆயிற்று. கஜபதி தம் மகளை ராயருக்குக் கொடுத்தார். கிருஷ்ணா நதிக்கு வடக்கே பிடித்த பகுதிகளை ராயர் திருப்பிக் கொடுத்தார்.

1520-ல் பீஜப்பூர் சுல்தான் இஸ்மாயில் அடில் ஷாவோடு ராய்ச்சூரில் பெரிய யுத்தம் நடந்தது. அதிலும் வெற்றி. ஆனால் இந்த வெற்றி ராயரின் தலையில் கொஞ்சம் ஏறிவிட்டது. தோற்ற சுல்தான் வந்து தம் காலை முத்தமிட வேண்டும் என்று அவர் கேட்டதாக நூனிஸ் எழுதுகிறார். அந்த அவமானத்தைச் சுல்தான்கள் மறக்கவில்லை.

போரில் வென்ற அரசர்கள் உலகில் எத்தனையோ பேர். அவர்களில் பலரின் பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது. ராயரின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் வேறு. வென்று வந்த பொருளை அவர் என்ன செய்தார் என்பதே காரணம்.

கல்லில் எழுதிய பெயர்

உதயகிரியில் ஒரு பாலகிருஷ்ணன் சிலை கிடைத்தது. ராயர் அதை விஜயநகரத்துக்கு எடுத்துச் சென்றார். 1515-ல் அதற்கென்றே ஒரு பெரிய கோயில் கட்டினார். ஹம்பியில் அந்தக் கோயில் இன்றும் நிற்கிறது. சிலை மட்டும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

திருப்பதி வேங்கடவனிடம் ராயருக்கு அளவில்லாத பக்தி. 1513 முதல் 1521 வரை ஏழு தடவை அவர் திருமலை ஏறினார். உதயகிரியை வென்று வந்த 1514-ல் 30,000 பொற்காசுகளால் சுவாமிக்குக் கனகாபிஷேகம் செய்தார். 1518-ல் விமானத்துக்குப் பொன் பூசினார். இன்றும் திருமலைக் கோயிலுக்குள் நுழைந்ததும் ஒரு மண்டபத்தில் மூன்று உலோகச் சிலைகளைப் பார்க்கலாம். நடுவில் ராயர். இருபுறமும் திருமலாதேவி, சின்னாதேவி ஆகிய இரண்டு ராணிகள். மூவரும் கைகூப்பி நிற்கிறார்கள்.

காளத்தியில் 1516-ல் வானளாவிய கோபுரம் எழுப்பினார். அந்தக் கோபுரம் 494 ஆண்டுகள் நின்றது. 2010-ஆம் ஆண்டு மே மாதம் ஓர் இரவில் சரிந்து விழுந்தது. அதே இடத்தில் புதிய கோபுரம் கட்டி 2017-ல் குடமுழுக்கு நடத்தினார்கள்.

தமிழ்நாட்டிலும் அவர் கைவண்ணம் உண்டு. சிதம்பரத்தின் வடக்குக் கோபுரத்துக்குப் போனால் அங்கே ஒரு மாடத்தில் ராயரின் உருவத்தைக் காணலாம். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் அவர் கட்டியது. திருவண்ணாமலையில் ஆயிரங்கால் மண்டபம் அவர் காலத்தது. அங்கே 217 அடி உயரம் நிற்கும் ராஜகோபுரத்தைத் தொடங்கியவரும் அவரே. அதைக் கட்டி முடித்தவர் தஞ்சை செவ்வப்ப நாயக்கர். 1517-ஐ ஒட்டிச் சோழ மண்டலத்துச் சிவன் கோயில்களும் பெருமாள் கோயில்களும் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய 10,000 வராகனை ராயர் தள்ளுபடி செய்தார்.

பழவேற்காட்டிலிருந்து மேற்கே போனால் நாகலாபுரம் என்று ஓர் ஊர். இன்று ஆந்திராவில் இருக்கிறது. தாயார் நாகலாம்பாளின் நினைவாக ராயர் வைத்த பெயர் அது. அங்கே அவர் கட்டிய வேதநாராயணர் கோயிலில் பெருமாள் மச்சாவதாரக் கோலத்தில் இருக்கிறார். இடுப்புக்குக் கீழே மீன் உருவம்! பங்குனி மாதத்தில் மூன்று நாட்கள் மாலைச் சூரியனின் ஒளி வாசல்களையெல்லாம் தாண்டிச் சென்று சுவாமியின் மேல் விழும். கட்டிய சிற்பிகளின் கணக்கு அப்படி.

தலைநகரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விட்டலர் கோயிலில் உள்ள கல் தேரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இன்றைய 50 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் அதன் படம் இருக்கிறது. 1528-ல் ஒரே பாறையில் குடைந்து செய்த நரசிம்மர் சிலை 22 அடி உயரம்.

அரண்மனையில் ஒரு நடன மண்டபம் இருந்தது. அதைப் பயஸ் பார்த்து வியந்திருக்கிறார். அதன் சுவர்களில் ஆடும் பெண்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருந்தன. வெறும் அழகுக்காக அல்ல. ஒவ்வோர் ஆட்டத்தையும் எந்த நிலையில் முடிக்க வேண்டும் என்பதை அவை காட்டின. ஆடும் பெண்ணுக்கு மறந்துவிட்டால் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மற்றொரு சுவரில் பல தேசத்து மக்களின் வாழ்க்கையைச் சித்திரமாகத் தீட்டியிருந்தார்கள். போர்த்துகீசியர் எப்படி வாழ்கிறார்கள் என்பதுகூட அதில் இருந்தது. வெளியே வராத ராணிகள் உலகத்தைத் தெரிந்துகொள்ள அந்த ஏற்பாடு.

எட்டுத் திக்கு யானைகள்

ராயரின் சபைக்குப் புவன விஜயம் என்று பெயர். அங்கே எட்டுப் பெரும் புலவர்கள் இருந்தார்கள் என்பது வழக்கு. உலகத்தை எட்டுத் திசையிலும் யானைகள் தாங்குகின்றன என்பது புராணம். அதுபோல இந்த எட்டுப் பேரும் இலக்கியத்தைத் தாங்கினார்களாம். அதனால் அஷ்ட திக்கஜங்கள் என்று பெயர். எட்டுப் பேரும் ஒரே காலத்தில் சபையில் இருந்தார்களா என்பதில் ஆராய்ச்சியாளருக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தெனாலிராமகிருஷ்ணர் சற்றுப் பின்னால் வந்தவர் என்று சிலர் சொல்கிறார்கள். அவரைப் பற்றி நாம் சொல்லும் வேடிக்கைக் கதைகள் மக்கள் தாமே கட்டிக்கொண்டவை.

எட்டுப் பேரில் தலைவர் அல்லசானி பெத்தன்னா. அவர் மனுசரித்திரம் என்ற தெலுங்குக் காவியத்தை எழுதி ராயருக்கு அர்ப்பணம் செய்தார். ராயர் அவர் காலில் தம் கையாலேயே வீரக்கழல் பூட்டினார் என்றும், அவர் ஏறிய பல்லக்குக்குத் தாமே தோள் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். சக்ரவர்த்தியின் தோளில் ஒரு கவிஞரின் பல்லக்கு! உண்மையோ, கற்பனையோ, மக்கள் இப்படிச் சொல்லும்படி ராயர் நடந்துகொண்டார் என்பது நிச்சயம்.

நந்தி திம்மன்னா இன்னொரு கவிஞர். அவர் பாரிஜாதாபஹரணம் எழுதியதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஒரு நாள் ராணி திருமலாதேவி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கால், ராயரின் படம் இருந்த பக்கம் நீட்டியிருந்தது. ராயர் அதைப் பார்த்துக் கோபித்துப் பேச்சை நிறுத்திவிட்டார். சமாதானம் செய்ய யாருக்கும் தைரியம் இல்லை. கவிஞர் ஒரு யுக்தி செய்தார். ஊடல் கொண்ட சத்தியபாமையின் கால் தம் தலையில் பட்டபோது கண்ணபிரான் கோபிக்காமல் கொஞ்சிய கதையைக் காவியமாக்கி அரங்கேற்றினார். ராயர் கேட்டார். புரிந்துகொண்டார். ராணியிடம் போனார். கலை, வீட்டுச் சண்டையைக்கூடத் தீர்த்து வைத்தது!

காளத்தியில் பிறந்த தூர்ஜடியும் அந்தச் சபையில் ஒருவர். அவர் பெரும் சிவபக்தர். ராயரோ பெருமாள் பக்தர். அது ஒரு தடையாக இல்லை. மாத்வ குரு வியாசதீர்த்தரை ராயர் குருவாகப் போற்றினார். கன்னடத்தில் மகாபாரதத்தின் பிற்பகுதியைத் திம்மண்ண கவி ராயர் பெயரால் பாடி முடித்தார். தமிழில் ஹரிதாசர் இருசமய விளக்கம் பாடினார். சூடாமணி நிகண்டு எழுதிய சமணப் புலவர் மண்டல புருடரும் ராயர் காலத்தவர் என்பார்கள். நம் பாட்டனார்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நிகண்டு அது.

ஆண்டாளைப் பாடிய அரசர்

ராயர் பிறரைப் பாட வைத்ததோடு நிற்கவில்லை. தாமே பாடினார். வடமொழியில் ஜாம்பவதி கல்யாணம் என்ற நாடகம் எழுதினார். தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்ற காவியம் எழுதினார்.

ஆமுக்தமால்யதா என்றால் என்ன பொருள்? சூடிக் கொடுத்தவள் என்று பொருள். ஆம், நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள்தான்! கலிங்கப் படையெடுப்பின் வழியில் கிருஷ்ணா நதிக்கரையில் ஸ்ரீகாகுளம் என்ற ஊரில் ராயர் தங்கினார். ஏகாதசி விரதம் இருந்தார். அன்றிரவு ஆந்திர விஷ்ணு கனவில் தோன்றி, ஆண்டாளின் திருமணக் கதையைத் தெலுங்கில் பாடும்படி கட்டளையிட்டதாக அவரே நூலின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார்.

துளுவக் குலத்தில் பிறந்தவர். கன்னட தேசத்தில் சிம்மாசனம். தெலுங்கில் காவியம். பாடியது தமிழ்ப் பெண்ணின் கதை. மொழிக்காக நாம் போட்டுக்கொள்ளும் சண்டைகளை ராயர் பார்த்தால் என்ன நினைப்பார்?

துறைமுகத்தில் சேர்ந்த செல்வம்

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? போரில் பிடித்த பொருள் கொஞ்சம்தான். உழவர் கொடுத்த வரியும், துறைமுகச் சுங்கமுமே ராஜ்யத்தைத் தாங்கின.

இங்கேதான் பழவேற்காடு வருகிறது. அந்தக் காலத்தில் இந்தக் கரைக்கு வந்த போர்த்துகீசியர் துவார்த்தே பார்போசா. ராயர் ஆட்சியின்போது அவர் எழுதிய குறிப்பில் இந்த ஊரைப் பற்றிச் சொல்கிறார். நல்ல துறைமுகம் என்கிறார். முஸ்லிம் வணிகரும், இந்து வணிகரும் நிறைந்திருந்தார்கள். பெகு நாட்டு மாணிக்கங்கள் இங்கே மலிவாகக் கிடைத்தன. ராயரின் அதிகாரி ஒருவர் இருந்து சுங்கம் வசூலித்தார். இங்கே ஏற்றுமதியான வண்ணத் துணிகளைக் கொடுத்துத்தான் மலாக்காவில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள்.

துணி நெய்த நெசவாளி, சாயம் தோய்த்தவர், மூட்டை சுமந்தவர், படகு வலித்தவர் ஆகிய எல்லோருடைய உழைப்பும் சுங்கமாகித் தலைநகரம் போயிற்று. அங்கே கல் தேராயிற்று. கவிஞர் காலில் கழலாயிற்று.

ராயர் இதை மறக்கவில்லை. ஆண்டாள் கதைக்கு நடுவே, அரசர்களுக்கு அவர் புத்தி சொல்லும் பகுதி ஒன்று வருகிறது. துறைமுகங்களைச் செம்மையாக வைத்திருக்க வேண்டும் என்கிறார். புயலில் சிக்கியும், நோய்வாய்ப்பட்டும் கரையேறும் அந்நிய மாலுமிகளை அவரவர் தேசத்து வழக்கப்படி பராமரிக்க வேண்டும் என்கிறார். தூர தேசத்து வணிகருக்கு நியாயமான லாபம் விட வேண்டும். தினமும் அவர்களைப் பார்த்துப் பேச வேண்டும். இல்லாவிட்டால் நல்ல குதிரையும் யானையும் எதிரிக்குப் போய்விடும் என்கிறார். பக்திக் காவியத்துக்குள் இப்படி ஒரு கணக்கு! துறைமுகம் வாழ்ந்தால்தான் கவிதையும் வாழும் என்று அறிந்தவர் அவர்.

அதே காலத்து ஐரோப்பா

ராயர் முடிசூடிய 1509-ல்தான் இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி முடிசூடினார். அவரும் இளைஞர். மல்யுத்தமும் குதிரையேற்றமும் தெரிந்தவர். தாமே பாட்டு எழுதி இசையமைத்தவர். 1515-ல் பிரான்ஸில் முதலாம் பிரான்ஸிஸ் பட்டத்துக்கு வந்தார். அவர் இத்தாலியிலிருந்து லியோனார்டோ டாவின்ஸியை அழைத்துச் சென்று, வீடும் மானியமும் கொடுத்துக் கடைசி வரை காப்பாற்றினார். அந்தச் சித்திர மேதை 1519-ல் பிரான்ஸிலேயே காலமானார்.

கடல்கள் நடுவே கிடந்தாலும் இந்த மூன்று அரசர்களும் ஒரே எண்ணம் கொண்டவர்கள். வாள் பெற்றுத் தரும் புகழ் வாளோடு போய்விடும். கலை பெற்றுத் தரும் புகழ் நிற்கும் என்று எண்ணினார்கள்.

ஹென்றிக்கும் ராயருக்கும் இன்னோர் ஒற்றுமையும் உண்டு. ஹென்றி தமக்காக உழைத்த மந்திரி தாமஸ் கிராம்வெலை 1540-ல் கொலைக்களத்துக்கு அனுப்பினார். அப்படி ஒரு துயரம் ராயரின் அரண்மனையிலும் நடந்தது.

ஆறு வயது அரசன்

ராயருக்குத் திருமலை என்று ஒரு மகன். ஆசை மகன். தாம் இருக்கும்போதே அவனுக்குப் பட்டம் கட்டிவிட வேண்டும் என்று ராயர் விரும்பினார். வாரிசுச் சண்டை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். 1524-ஐ ஒட்டி, ஆறு வயதுப் பிள்ளைக்குப் பட்டாபிஷேகம் நடந்தது. தகப்பனார் சிம்மாசனத்தை விட்டு இறங்கி, மகனுக்கு மந்திரியாக நின்றார். எட்டு மாதம் கொண்டாட்டம் நடந்தது.

கொண்டாட்டத்தின் நடுவே குழந்தை நோயில் விழுந்தான். இறந்துபோனான்.

அதன் பிறகு நடந்ததை நூனிஸ் எழுதியிருக்கிறார். திம்மரசரின் மகன் விஷம் வைத்துவிட்டான் என்று ராயரின் காதில் விழுந்தது. அவர் நம்பினார். திம்மரசரைச் சபைக்கு வரவழைத்தார். அவர் மீது குற்றம் சுமத்தினார். அவரையும் அவர் குடும்பத்தாரையும் சிறையில் தள்ளினார். மூன்று ஆண்டுகள் அவர்கள் சிறையில் கிடந்தார்கள். பிறகு திம்மரசரின் மகன் தப்பி ஓடிக் கலகம் செய்தான். அவனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்தணரைக் கொல்வது அக்கால வழக்கம் அல்ல. எனவே மகனுக்கும், திம்மரசரின் தம்பிக்கும், திம்மரசருக்கும் கண்களைப் பறிக்கும்படி ராயர் உத்தரவிட்டார்.

அன்று ஒரு குதிரை லாயத்தில் ஓர் இளைஞனின் கண்களைக் காப்பாற்றியவர் திம்மரசர். அந்த இளைஞன் அரசனாகி, அவருடைய கண்களையே வாங்கிவிட்டான். இந்தத் தடவை குறுக்கே ஓர் ஆடு வரவில்லை.

கிழவர் குருடராகச் சிறைக்குத் திரும்பினார்.  விஷம் வைத்தது உண்மைதானா? அதற்குச் சாட்சி எதுவும் நம் கைக்கு வரவில்லை. மகனை இழந்த தகப்பனின் துக்கம், விசாரிக்கும் பொறுமையைத் தின்றுவிட்டது.

சந்திர கிரகணம்

அதன் பிறகு ராயர் நெடுநாள் வாழவில்லை. 1529-ல் நோய்வாய்ப்பட்டார். சந்திரகிரிக் கோட்டையில் இருந்த தம்பி அச்சுதராயரை அடுத்த அரசராகக் குறித்துவிட்டுக் கண்ணை மூடினார். எந்த நாளில் இறந்தார் என்பது வெகுகாலம் தெரியாமல் இருந்தது. கர்நாடகத்தில் தும்கூர்ப் பக்கத்தில் ஹொன்னேனஹள்ளி என்ற ஊரில் கிடைத்த ஒரு கல்வெட்டு அந்த நாளைக் காட்டிவிட்டது. 2022-ல் அந்தச் செய்தி வெளியாயிற்று. 1529-ஆம் ஆண்டு அக்டோபர் 17. ஞாயிற்றுக்கிழமை. அன்று சந்திர கிரகணம்.

36 ஆண்டுகளுக்குள், 1565-ல், சுல்தான்கள் ஒன்றுசேர்ந்து வந்தார்கள். தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றது. தலைநகரம் சூறையாடப்பட்டது. அரண்மனைகள் எரிந்தன. நடன மண்டபம் போயிற்று. சித்திரச் சுவர்கள் போயின. 22 அடி நரசிம்மரும் சேதமானார்.

பழவேற்காட்டுக்கு வேறு கொடிகள் வந்தன. போர்த்துகீசியர் 1515-லேயே இங்கே மகிமை மாதா கோயிலைக் கட்டினார்கள் என்பது வரலாறு. 1613-ல் டச்சுக்காரர் ஜெல்டிரியாக் கோட்டை எழுப்பினார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். கோட்டை இன்று மண்மேடாகக் கிடக்கிறது. டச்சுக்காரரின் கல்லறைகள் மட்டும் செதுக்கல் வேலையோடு நிற்கின்றன.

நின்றது எது?

ராயரின் சிம்மாசனம் நிற்கவில்லை. கஜானா நிற்கவில்லை. அவர் பிடித்த கோட்டைகள் பாழடைந்தன. கல் தேர் நிற்கிறது. காவியம் நிற்கிறது. சூடிக் கொடுத்தவளின் கதையைத் தெலுங்கு மக்கள் இன்றும் படிக்கிறார்கள். நாகலாபுரத்தில் பங்குனி மாலை வெயில் இன்றும் மீன் உருவப் பெருமாளின் மேல் விழுகிறது.

இன்னொன்றும் நிற்கிறது. வேடிக்கையைப் பாருங்கள். அரசர் அப்பாஜியின் கண்களைப் பறித்துச் சிறையில் அடைத்தார். மக்களோ அப்பாஜியைக் கைவிடவில்லை. ராயர் கதை சொல்லும் எந்தப் பாட்டியும் அப்பாஜியைப் பக்கத்தில் உட்கார வைக்காமல் கதையைத் தொடங்குவதில்லை. சபையில் அவர் பறிகொடுத்த இடத்தை மக்கள் கதையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கலையைப் போற்றிய கை பெரிய கைதான். ஆனால் நமக்கு நன்மை செய்தவர் மீது பழி வரும்போது, ஒரு கணம் நின்று விசாரிக்கும் மனம் அதைவிடப் பெரியது. அன்று அந்தக் குதிரை லாயத்தில் திம்மரசர் அப்படி ஒரு கணம் நின்றார். அதனால்தான் நமக்கு ஒரு கிருஷ்ணதேவராயர் கிடைத்தார்.

பழவேற்காட்டில் ஏலம் முடிந்துவிட்டது. மீன் கூடைகள் வண்டி ஏறுகின்றன. பெண்கள் காசை எண்ணி முடிந்துகொள்கிறார்கள். அடுத்த முறை ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று கைக்கு வந்தால், அதைத் திருப்பிப் பாருங்கள். அந்தக் கல் தேரின் சக்கரத்தில் இந்த ஏரிக்கரை மக்களின் உழைப்பும் கொஞ்சம் இருக்கிறது.